ஆவணப்பட நாட்குறிப்பு: குரல் யாருடையது?

மார்ச் 4
கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்குக்குப் போய் வருகிறோம். அந்த வென்ட், இலங்கையின் புகைப்படக் கலைஞர். அவருடைய குரலைக் கேட்க வேண்டுமென்றால் இலங்கையைப் பற்றிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். பசில் ரைட் 1934இல் எடுத்தது, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து வென்ட் வாசிக்கிறார். மூன்றாம் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒருவர் தென்னையில் ஏறப்போகிறார். அதன் மேல் வியாபாரக் குரல்கள் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு விழுகின்றன. படம் பிடித்தது இங்கே, ஒலி சேர்த்தது இங்கிலாந்தில். பணம் தேயிலைப் பிரசாரச் சபையுடையது. அதனால்தான் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளைப் பார்க்கிறோம், அவர்கள் பேசுவதைக் கேட்பதில்லை. அழகான படம்தான், அந்த மௌனம் உறுத்துகிறது.

மார்ச் 5
‘சோங் ஒஃப் சிலோன்’ திரையிடுகிறவர்களுக்கு: படத்தின் சட்டகம், அகலத்துக்கு உயரம், கிட்டத்தட்ட 4:3. புரொஜெக்டர் அகலத்திரை அமைப்பில் இருந்தால் ஆட்கள் குட்டையாகி, முகம் பருத்துவிடும். திரையை நிரப்பப் பெருப்பித்தாலோ தலையும் காலும் வெட்டுப்படும். இரு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். ஒலி மோனோ, அதாவது ஒரே தடம். நடு ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்புங்கள். சுற்றியுள்ள எல்லா ஸ்பீக்கர்களிலும் பரப்பினால் எதிரொலி சேர்ந்து, அந்தக் குரல்கள் வெறும் இரைச்சலாகிவிடும்.

மார்ச் 11
‘ஹனிலேண்ட்’ (2019), வட மசிடோனியா. இதைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். மூன்று வருடம் எடுத்த 400 மணி நேரத்துக்கும் மேலான காட்சிகள். படத்தின் நாயகி, தேனீ வளர்க்கும் அட்டிஜே. அவர் பேசும் துருக்கி மொழி இயக்குநர்களுக்குத் தெரியாது. அதனால் முதலில் பேச்சைப் பாராமல் காட்சியை வைத்தே தொகுத்தார்கள். சப்டைட்டிலை விட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாலும் கதை விளங்குவது அதனால்தான். அவர் தேனில் பாதியைத் தேனீக்களுக்கே விடுகிறார். அயலவர் எல்லாவற்றையும் எடுத்து விற்றுவிடுகிறார். தேன் இழந்த கூட்டத்துத் தேனீ சும்மா இராது, பக்கத்துக் கூட்டைக் கொள்ளையடிக்கும். முழுப் படமும் இந்த ஒரு விதியில் நிற்கிறது. மின்சாரமில்லாத வீடு, விளக்கு வெளிச்சம். மண்டபத்தின் திரைச்சீலை இடைவெளியால் கொஞ்சம் வெளிச்சம் வந்தாலே அந்தக் காட்சிகள் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடும். இரவு நேரத் திரையிடலைத் தேர்ந்தெடுங்கள்.

மார்ச் 12
‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’, 41 நிமிடம், 2023இல் ஒஸ்கார் வாங்கியது. முதுமலையில் யானைக்குட்டிகளை வளர்க்கும் தம்பதியர் பொம்மனும் பெள்ளியும் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். தமிழ்தான், சப்டைட்டிலை நிறுத்திவிடுங்கள். யானைக்குட்டியோடு பெள்ளி பேசும் இடங்களில் எழுத்து குறுக்கே நிற்கக் கூடாது.