மாதிரியில் ஒரு அறை, மீட்டரில் ஒரு அறை

ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் மின்சாரச் செலவைக் குறைக்கும் வேலை என்னிடம் வந்தபோது, கட்டுமானக் காலத்தில் செய்த பிம் (BIM) மாதிரி, அதாவது கட்டடத்தின் விவரங்கள் அடங்கிய கணினி வடிவம், தயாராகக் கையில் இருந்தது. சுவர், ஜன்னல், டக்ட், குழாய் எல்லாமே முப்பரிமாணத்தில். அதை ஐஎஃப்சி (IFC) என்ற பொதுவான வடிவக் கோப்பாக எடுத்து, கட்டடத்தின் ஆற்றல் செலவைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளுக்குக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நம்பினேன். முதல் முயற்சியிலேயே பிழைச் செய்திகள் பக்கம் பக்கமாக வந்தன.

கட்டுவதற்காக வரைந்த மாதிரிக்குச் சுவரின் தடிமன் தெரியும். அதன் வழியே எவ்வளவு வெப்பம் உள்ளே வரும் என்பது தெரியாது. அந்த இடங்கள் காலியாகவே இருந்தன. சில சுவர்கள் மேல்தளத்தைத் தொடாமல் சில மில்லிமீட்டர் கீழேயே நின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியால், இரண்டு அறைகளை மென்பொருள் ஒரே அறையாக எண்ணிக்கொண்டது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் வெற்றிடமோ எந்த அறையிலும் சேரவில்லை. இவற்றைச் சரிசெய்வதிலேயே மூன்று வாரம் போனது. அப்புறம்தான் வழியை மாற்றினேன். ஒரே திசையில் வெயில் வாங்கி, ஒரே ஏசி யூனிட்டில் குளிரும் அறைகளை ஒரு மண்டலமாகச் சேர்த்து, எளிய பிரதி ஒன்றைத் தனியாகச் செய்தேன். ஆற்றல் கணக்குக்கு அது போதும். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

உண்மையான உழைப்பு பெயர்களில்தான் இருந்தது. மாதிரியில் ஓர் அறைக்கு ஒரு எண். கட்டட மேலாண்மைக் கணினியில் அதன் சென்சாருக்கு வேறொரு சுருக்கப் பெயர். கதவில் மூன்றாவது பெயர். பராமரிப்பில் பல வருடம் இருந்தவர் ஒருவரோடு மாடி மாடியாக நடந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கூட்ட அறையின் வெப்பநிலை என்று கணினி காட்டிய சென்சார், தடுப்புச் சுவரை நகர்த்தியதிலிருந்து நடைபாதையில் இருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஐஎஃப்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்துள்ள தனி அடையாளம் உண்டு. அதையே சாவியாக வைத்து சென்சார் பட்டியலை இணைத்தேன். ஒரு எச்சரிக்கை: அறையை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் அந்த அடையாளம் மாறிவிடும், இணைப்பும் அறுந்துபோகும். இருப்பதையே திருத்துங்கள்.

அடுத்து கணக்கை மீட்டரோடு ஒப்பிட்டேன். ஏசி, கட்டடத் துறைப் பொறியாளர்களின் ஆஷ்ரே (ASHRAE) அமைப்பு வெளியிட்ட 14-ஆம் வழிகாட்டி, மாதாந்தரக் கணக்கில் சராசரிச் சாய்வு (மொத்தத்தில் மீட்டரைவிடக் கூடுவது அல்லது குறைவது) 5 சதவீதத்துக்குள்ளும் சிதறல் (மாதத்துக்கு மாதம் வரும் விலகல்) 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. என் கணக்கு எல்லா மாதமும் மீட்டருக்குக் கீழேயே நின்றது. கண்ணாடி, ஆள் எண்ணிக்கை, விளக்கு என்று எதை மாற்றியும் பொருந்தவில்லை. மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பகல் சரியாகவே இருந்தது; வித்தியாசம் முழுக்க இரவில், அதுவும் மூன்றாம் மாடியில். நேரில் போனால், அந்த மாடியின் ஏசி விசிறி கைமுறை இயக்கத்தில் விடப்பட்டு இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ பழுது பார்த்தபோது மாற்றியது, திருப்பி வைக்கப்படவில்லை. சுவிட்சைத் தானியங்கிக்குத் திருப்பினோம், அன்று இரவே வரைபடத்தில் மின்செலவுக் கோடு கீழே இறங்கியது. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது தடுப்புச் சுவர் எதை நகர்த்தினாலும் மாதிரியையும் அதே வாரம் திருத்துகிறோம். நான்காம் மாடியில் இரண்டு சென்சார்களுக்கு மட்டும் இன்னும் அறை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும்.