எங்கள் தெரு வக்கீல் மாமா

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டி ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருக்கிறதே, எங்கள் தெரு மாமா அங்கே பயிற்சி எடுத்து, 1971 போரில் கண்ணிவெடி அகற்றியவர். ஓய்வுக்குப் பிறகு சட்டம் படித்து வக்கீலானார்.

இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆனால் ஞாயிறு காலை அவர் வீட்டு வராந்தாவில் இறந்துபோன முன்னாள் சிப்பாய்களின் மனைவிமார் காத்திருப்பார்கள், குடும்ப பென்ஷனுக்காக. பெரும்பாலும் ஒரே தொல்லைதான்: கணவரின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமியம்மாள்’. இந்த ‘அம்மாள்’ எத்தனை பேரை அலைய விட்டிருக்கிறதோ!

மாமா பென்சில் முனையை வரிவரியாக நகர்த்திப் படிப்பார். போன வாரம் நான் அவசரப்படுத்தினேன்.

“இருடா. கண்ணிவெடி தேடறப்பவும் இப்படித்தான், கம்பியைச் சாய்ச்சு மெதுவா குத்திப் பாக்கணும்.”

ஃபீஸ் கிடையாது. ஒரு பாட்டி முருங்கைக்காய்க் கட்டை வைத்துவிட்டுப் போனார். அதற்கும் திட்டு.