கிளையன்ட் வேலை, வீடு, நடுவில் ஒரு தையல் நோட்டு: செய்து பார்த்த அனுபவம்

எடுத்துக்கொண்டது ஏ5 அளவில், கெட்டி அட்டை போட்டு நூலால் தைக்கும் ஒரு நோட்டு. நான்கு தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் அது ஒரு ஃபாரம். ஃபாரத்துக்கு 16 பக்கம், மொத்தம் 6 ஃபாரம், 96 பக்கம். கை வைத்துச் செய்யும் வேலை நான்கைந்து மணி நேரம்தான். காய்வதற்கு இரண்டு இரவு தனி. வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸாக டிசைன் செய்பவருக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், அந்த நான்கைந்து மணி நேரம் ஒரே மூச்சில் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காட்டிலும், பாதியில் எழுந்து போனால் எது கெடும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்தால் வேலை மூன்று வகையாகப் பிரிகிறது. தாள் மடிப்பதும் நூலுக்கு மெழுகு பூசுவதும் எந்த நொடியிலும் விட்டுவிட்டுப் போகலாம். தையலை ஒரு ஃபாரம் முடிந்த இடத்தில் மட்டும் நிறுத்தலாம். பசை தடவிவிட்டால் நிறுத்தவே முடியாது. இந்த மூன்றையும் நாளின் எந்த நேரத்தில் வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

காகிதம்

டிசைனர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். திரையில் காகிதத்துக்குத் திசை கிடையாது, கையில் உண்டு. ஆலையில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிகின்றன. நார் ஓடும் திசை, நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் மடிப்பு வெடித்தது போல் சொரசொரப்பாக நிற்கும், நோட்டு விரித்தபடி கிடக்காது, பசை ஈரம் பட்டதும் முதுகோரம் அலை அலையாகச் சுருங்கும்.

சாதாரண ஏ4 தாளில் நார் பொதுவாக 297 மி.மீ. நீளப் பக்கமாக ஓடும். அதை இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. இதற்குச் சுலபமான வழி, நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி, 420 மி.மீ. பக்கத்தின் நடுவில் வெட்டுவது. கிடைக்கும் இரண்டு ஏ4 தாளிலும் நார் 210 மி.மீ. பக்கமாக ஓடும், மடித்தால் முதுகுக்கு இணையாக வந்துவிடும். சந்தேகம் இருந்தால் தாளை மடிக்காமல் இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாக நார் ஓடுகிறது. அட்டைக்கும், மேலே ஒட்டும் துணிக்கும், எண்ட் பேப்பருக்கும் (உள்தாள்களை அட்டையோடு சேர்க்கும் முன், பின் தாள்கள்) இதே விதிதான்.

இந்த நோட்டுக்கு 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள், ஏ4 அளவில் 24. எண்ட் பேப்பருக்குச் சற்றுக் கனமாக 120 ஜிஎஸ்எம், 2 தாள்.

புள்ளிக் கட்டம் அச்சடித்த நோட்டு வேண்டும் என்றால் பக்கங்களை வரிசைப்படுத்த வேண்டும். 16 பக்க ஃபாரத்தில் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும். வெளித்தாளில் 16-உம் 1-உம், அதன் பின்பக்கம் 2-உம் 15-உம், நடுத்தாளின் உட்பக்கம் 8-உம் 9-உம். புள்ளிகளை 5 மி.மீ. இடைவெளியில் வைத்தால் எழுதவும் வரையவும் வசதி. புள்ளி வெளிறித் தெரிய வேண்டும் என்று 30 சதவீதக் கறுப்பு கொடுத்தால் லேசர் பிரிண்டர் அதை இன்னும் சின்னப் புள்ளிகளாக உடைத்து, சில இடங்களில் பாதியை விழுங்கிவிடும். முழுக் கறுப்பிலேயே புள்ளியைச் சிறிதாக வைப்பதுதான் சரி. முன்பக்கமும் பின்பக்கமும் அச்சில் ஓரிரு மி.மீ. விலகும் என்பதால் கட்டத்தைத் தாளின் விளிம்புவரை ஓட விடாமல் சுற்றிலும் 8 மி.மீ. விட்டோம். விலகல் கண்ணில் படவே இல்லை.

மடிப்பு: பிள்ளைகளோடு செய்யக்கூடிய ஒரே கட்டம்

நான்கு தாளையும் சேர்த்து ஒரேயடியாக மடிக்கக் கூடாது. ஒவ்வொன்றாக மடித்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் அழுத்தித் தேய்த்து, பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். சேர்த்து மடித்தால் உள்தாள்களில் மூலைக்கு மூலை சுருக்கம் விழும். செருகிய பிறகு உள்தாள் வெளியே அரை மி.மீ. வரை துருத்தும். அது இயல்பு.

இதில் கத்தியும் பசையும் கிடையாது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையிலேயே உட்கார்ந்து செய்யலாம். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஸ்பூனால் தேய்ப்பது பிடித்துப்போகிறது. மூலைகளைச் சேர்த்துப் பிடிப்பது பெரியவர் வேலை, தேய்ப்பது பிள்ளையின் வேலை என்று பிரித்தால் மடிப்பு நேராகவும் வரும். நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு மூன்று முறை இழுப்பதையும் அவர்களிடமே விடலாம். மெழுகு கூடினால் துளையில் திட்டுத் திட்டாகப் படியும், விரலால் ஒரு தரம் வழித்துவிட்டால் போதும். மடித்த ஃபாரங்களைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிட்டால் காற்று போய்ப் படிந்துவிடும்.

தையல்: ப்ரூஃப் அனுப்பிய பிறகு கிடைக்கும் நேரம்

துளை ஆறு. தலையிலிருந்தும் அடியிலிருந்தும் 15 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று, மீதி நான்கும் அவற்றுக்கு இடையே சம தூரத்தில். ஒரு துண்டுக் காகிதத்தில் அளவைக் குறித்து, அதையே எல்லா ஃபாரத்தின் மடிப்பிலும் வைத்துக் குத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளந்தால் அரை மி.மீ. வீதம் பிசகி, முதுகில் துளைகள் ஏணிபோல் சாயும். குத்தூசியை மடிப்பின் உள்ளிருந்து வெளியே, 45 பாகைச் சாய்வில் செலுத்தினால் துளை மடிப்பின் மேலேயே விழும்.

நூல் நீளத்துக்கு எளிய கணக்கு: நோட்டின் உயரம் பெருக்கல் ஃபாரங்களின் எண்ணிக்கை, கூட ஒரு சாண். 210 மி.மீ. x 6 என்றால் 126 செ.மீ., ஒன்றரை மீட்டராக வெட்டிக்கொண்டால் தாராளம். லினன் நூல் நல்லது. பருத்தி என்றால் முறுக்கு இறுக்கமானதாகப் பார்க்க வேண்டும். தடித்த நூல் அழகாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலும் அது உட்கார்ந்து, முதுகு மட்டும் உப்பி நோட்டு ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும்.

முதல் ஃபாரத்தில் உள்ளே வெளியே என்று ஓடி மறு ஓரத்துக்கு வந்ததும், இரண்டாவதை மேலே வைத்துத் திரும்பி வர வேண்டும். முதல் நூல் முனையோடு முடிச்சிட்டு மூன்றாவதுக்குப் போகலாம். அங்கிருந்து ஒவ்வொரு ஓரத்திலும், கீழே உள்ள இரண்டு ஃபாரங்களுக்கு இடையே ஊசியை நுழைத்து, வரும் வளையத்துக்குள் விட்டு இழுக்கும் கெட்டில் முடிச்சு. நூலை இழுக்கும்போது எப்போதும் மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் தாள் கிழிந்து துளை நீளும். இந்தத் தையலில் பொதுவாக ஏற்படும் குறை இதுதான்.

தையலை இடையில் நிறுத்தலாம், ஆனால் கெட்டில் முடிச்சு போட்ட பிறகுதான். பாதி ஃபாரத்தில் விட்டால் திரும்ப எடுக்கும்போது நூல் தளர்ந்திருக்கும், அந்த ஒரு ஃபாரம் மட்டும் கடைசிவரை ஆடும். ஒரு ஃபாரம் தைக்க ஐந்திலிருந்து ஏழு நிமிடம். கிளையன்டுக்கு ப்ரூஃப், அதாவது பார்த்துச் சரி சொல்ல வேண்டிய மாதிரி, அனுப்பிய பின் வரும் காத்திருப்பில் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. திரையிலிருந்து கண்ணை எடுத்ததுபோலவும் ஆயிற்று. ஆனால் ஊசியும் கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால் அதைக் கண்ணுக்கு ஓய்வு என்று கணக்கு வைக்க முடியாது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லும் பழக்கம் தையலுக்கும் சேர்த்துத்தான்.

கைமணிக்கட்டு இன்னும் முக்கியம். நாள் முழுக்க மவுஸோ ஸ்டைலஸோ பிடித்த கை, இரவில் நோட்டு அட்டைக்கான 2 மி.மீ. கிரே போர்டை வெட்டக் கட்டரை அழுத்தினால் மறுநாள் வலி நிச்சயம். வரைகலை வேலை அதிகமாக இருந்த நாளில் மடிப்பும் மெழுகும் மட்டும் செய்யலாம். அட்டை வெட்டுவதை மெயில், கொட்டேஷன், இன்வாய்ஸ் என்று போன நாளுக்குத் தள்ளுவது நல்லது. வெட்டும்போதும் ஒரே அழுத்தத்தில் முடிக்கப் பார்க்காமல், ஸ்டீல் ஸ்கேலை நகர்த்தாமல் எட்டுப் பத்து முறை லேசாகக் கீற வேண்டும். பிளேடு முனையைப் புதிதாக உடைத்துக்கொண்டால் விளிம்பு சுத்தமாக வரும். இது பிள்ளைகள் தூங்கிய பிறகு மட்டும் செய்யும் வேலை.

பசை: யாரும் கூப்பிடாத அரைமணி நேரம்

தைத்த கட்டின் மேலும் கீழும் மடித்த எண்ட் பேப்பரை 3 மி.மீ. பசைக்கோட்டில் ஒட்டி, முதுகில் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். ஃபாரங்களுக்கு நடுவே விரலால் லேசாகத் தேய்த்து இறக்கினால் போதும், உள்ளே வழியக் கூடாது. அதன் மேல் இரு பக்கமும் 25 மி.மீ. வெளியே நிற்கும்படி மெல்லிய பருத்தித் துணி. முழுசாகக் காய்ந்ததும் முதுகுக்கு எதிரே உள்ள முன்னோரத்தை 3 மி.மீ. வெட்டி நேராக்கினால் அகலம் 145 மி.மீ. வருகிறது.

அட்டை இரண்டும் 142 x 216 மி.மீ. உயரத்தில் மேலும் கீழும் 3 மி.மீ. கூடுதல், அகலத்தில் 3 மி.மீ. குறைவு. முதுகுப் பட்டையின் அகலம், கட்டின் தடிமனோடு இரண்டு அட்டையின் தடிமனும் சேர்ந்தது. கட்டு 7 மி.மீ. என்றால் பட்டை 11. அட்டைக்கும் பட்டைக்கும் நடுவே 7 மி.மீ. பள்ளம். 5 மி.மீ. ஆகக் குறைத்தால் அட்டை திறக்கும்போது எண்ட் பேப்பரை இழுத்துக் கிழிக்கும். 10 ஆகக் கூட்டினால் கட்டு உள்ளே தொளதொளவென்று தொங்கும். அட்டைகளின் மேல் ஒட்டும் துணியைச் சுற்றிலும் 18 மி.மீ. மடிக்க விட்டு, மூலையை 45 பாகையில் வெட்டும்போது அட்டை முனையிலிருந்து 3 மி.மீ. தள்ளி வெட்ட வேண்டும். ஒட்டி வெட்டினால் மூலையில் அட்டை எட்டிப் பார்க்கும்.

வெள்ளைப் பசை மெல்லிய பூச்சில் சில நிமிடங்களிலேயே பிடித்துவிடும். அந்தச் சில நிமிடத்துக்குள் கதவு தட்டப்பட்டாலோ போன் அடித்தாலோ துணி பாதி ஒட்டி, பாதி குமிழாக நிற்கும். கோதுமை மாவுப் பசையை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் நகர்த்திச் சரிசெய்யக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஈரம் அதிகம் என்பதால் காய்வதும் தாமதமாகும். பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட வேண்டும். காய்ந்த பிரஷ் அடுத்த முறைக்கு உதவாது.

இந்த அரைமணி நேரத்தைக் காப்பாற்றுவது பசையில் இல்லை, கிளையன்டோடு போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. திருத்தம் எல்லாம் ஒரே பட்டியலாக, 2 வேலை நாளுக்குள் வர வேண்டும். இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்துக்குள், மூன்றாவது சுற்று மணிக்கணக்கில். மாலை இத்தனை மணிக்குப் பிறகு வருவதற்கு மறுநாள் பதில். கொட்டேஷனிலேயே இந்த மூன்று வரியும் இருந்தால் இரவு நேரத்து 'ஒரு சின்ன மாற்றம்' பெருமளவு நின்றுவிடுகிறது. ஃபைனல் ஃபைல் கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் பசை வேலை வைக்காமல் இருப்பது நல்லது. அன்று பிரிண்டரிடமிருந்து ஏதாவது கேள்வி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் இதேபோல முன்கூட்டிச் சொல்லி, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசி வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். பதிலுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் அதேபோல ஓர் அரைமணி நேரம் விட்டுக் கொடுத்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும்.

காய வைப்பது

அட்டையின் வெளிப்பக்கத் துணி காயும்போது சுருங்கி, அட்டையை வெளிப்பக்கமாக வளைக்கும். உள்பக்கம் எண்ட் பேப்பர் ஒட்டியதும் அது எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிசெய்கிறது. அதனால் துணி ஒட்டிய மறுநாள் லேசான வளைவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கட்டை அட்டைக்குள் ஒட்டும்போது எண்ட் பேப்பருக்கு நடுவில் பட்டர் பேப்பர் செருகி, பசை தடவி, மூடி, பிறகு திறந்து பார்க்காமல் எடைக்கு அடியில் வைக்க வேண்டும். பள்ளத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு பின்னல் ஊசியைப் படுக்க வைத்தால் கீல் கோடு தெளிவாக விழும். குறைந்தது 12 மணி நேரம், ஈரக்காற்று உள்ள நாளில் ஒரு முழு நாள். சில மணி நேரத்துக்குப் பிறகு பட்டர் பேப்பரை மட்டும் மாற்றலாம், உள்ளே தேங்கிய ஈரம் போகும். அவசரப்பட்டு எடுத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும், பிறகு எத்தனை எடை வைத்தாலும் முழுசாகத் திரும்பாது.

காயும் நோட்டு பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். மீதிச் சாமான்கள் எல்லாம் ஏ3 தாள் கொள்ளும் மூடி போட்ட ஒரே பெட்டியில் அடங்குகின்றன. மேசையை ஒதுக்க இரண்டு நிமிடம் போதும். சாப்பாட்டு நேரத்தில் மேசை காலியாக இல்லாததுதான் பல வீடுகளில் கைவேலை நின்றுபோகக் காரணம்.

அடுத்து மூன்று நோட்டுக்கான அட்டையை ஒரே உட்காரலில் வெட்டி வைத்து, தையலை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க உத்தேசம். அளவுகளை அட்டையின் உள்பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டால் வாரக்கணக்கில் இடைவெளி விழுந்தாலும் மறுபடி அளக்க வேண்டியதில்லை. எண்ட் பேப்பர் அதை மறைத்துவிடும்.