கடினம் என்றால் சுலபம்: ஸ்டானிஜ் விளிம்பில் ஒரு பகல்

பாறையில் ஏறும் வழி ஒன்றுக்கு ‘டிஃபிகல்ட்’ என்று தரம் போட்டிருந்தால், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரட்டை அடித்தபடி ஏறிக்கொண்டிருப்பார்கள். ‘வெரி டிஃபிகல்ட்’ என்றால் பழகத் தொடங்கி ஒரு மாதம் ஆனவர்களுக்கு. இங்கிலாந்தின் கணக்கு இது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆணி அடித்த பூட்ஸோடு ஏறிய காலத்தில் போட்ட ஏணி. அன்றைக்கு அது கடினமாகத்தான் இருந்தது. பிறகு வந்தவர்கள் இன்னும் கஷ்டமான வழிகளில் ஏறத் தொடங்க, ‘சிவியர்’, ‘வெரி சிவியர்’, ‘ஹார்ட் வெரி சிவியர்’ என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போனார்கள். ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’ என்ற இடத்தில் அகராதி கையை விரித்துவிட, அதற்கு மேல் இ1, இ2 என்று எண் போட வேண்டியதாயிற்று. கீழ்ப்படியில் இருந்த ‘டிஃபிகல்ட்’டை மட்டும் யாரும் தொடவில்லை.

ஸ்டானிஜ் எட்ஜுக்கு நடக்கப் போகிறவர்கள் இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. பாறையேறிகளின் தரம் மட்டுமல்ல, அங்கே எல்லாமே சொல்லுக்கும் பொருளுக்கும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். உள்ளூர்க்காரர் ‘லேசான காற்று’ என்றால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடம்: பீக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அதன் கிழக்கோரத்தில், ஹாதர்சேஜ் கிராமத்துக்கு மேலே, பாதியில் அறுத்து வைத்த கேக் மாதிரி சுமார் 6 கிலோமீட்டருக்கு ஒரு பாறைச் சுவர். பத்து, இருபது மீட்டர்தான் உயரம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறும் வழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் பெயர் ‘தி அன்பிரிண்டபிள்’, அதாவது அச்சில் ஏற்ற முடியாதது. அதையும் வழிகாட்டி நூல்களில் வரிசையாக அச்சிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பேரும் இங்கே வந்து குவிவதற்குக் காரணம் கல். க்ரிட்ஸ்டோன் என்ற இந்த மணற்கல், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஓடிய பெரிய ஆறுகளின் கழிமுகத்தில் படிந்த மணல். குவார்ட்ஸ் துகள்கள் பெரிது பெரிதாக இருக்கும். புதிதாகக் கொத்திய அம்மியில் உள்ளங்கையைத் தேய்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. வேறு பாறையில் வழுக்கும் சரிவில் இங்கே ரப்பர் செருப்பு ஒட்டிக்கொள்ளும். தோலும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் கல்லோடு. விரிசலுக்குள் கையை நுழைத்துக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை தடித்து ஆப்பு மாதிரி இறுகிவிடும். அந்தப் பிடியில்தான் ஏறுகிறார்கள். டேப் சுற்றாமல் இதைச் செய்தவரைப் புறங்கையைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். குளிரில் வியர்வை குறைந்து பிடி கூடும் என்பதால், ஊரெல்லாம் கணப்படுப்பை விட்டு நகராத நாட்களைத்தான் இவர்கள் ‘அருமையான வானிலை’ என்பார்கள்.

சரி, நடப்பவர் கதைக்கு வருவோம்.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ஹோப் வேலி ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஹாதர்சேஜ். அங்கிருந்து வயல்வழியாக நார்த் லீஸ் ஹால் என்ற 16ஆம் நூற்றாண்டுக் கல்வீடு, அதைத் தாண்டி ஒரு சோலை, ஹாலின் பேங்க் வண்டி நிறுத்துமிடம், பிளாண்டேஷன் என்ற மரத்தோப்புக்கு நடுவே கல் பாவிய பாதை, அப்புறம் உச்சி. இடது பக்கம் திரும்பி ஹை நெப் என்ற மேட்டு முனை வரை போய், அதே விளிம்பிலேயே திரும்பி வந்து, தெற்குக் கோடி வரை நடந்து, மேல் பர்பேஜ் பக்கம் இறங்கி மீண்டும் ஹாதர்சேஜ். சுற்று 15 கிலோமீட்டருக்குக் குறையாது. கணக்குப்படி ஐந்து மணி நேரம். வேடிக்கை பார்க்கும் நேரத்தைச் சேர்த்தால் ஏழு. இங்கே வேடிக்கை பார்க்காமல் நடப்பது, தேர் ஓடும் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போவது போலத்தான்.

ஹை நெப்பின் உயரம் 458 மீட்டர். ‘இது ஒரு மலையா?’ என்று கேட்டு, ஒரு பருத்திச் சட்டையோடு கிளம்புகிறவர்கள் வாரத்துக்கு வாரம் உண்டு. கிராமத்திலிருந்து 300 மீட்டர் மேலே வந்தால் வெப்பம் இரண்டு டிகிரி குறையும். அது பெரிய விஷயமில்லை. காற்றுதான் விஷயம். இந்தச் சுவர் தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. இந்த நாட்டில் காற்று பெரும்பாலும் வருவதும் தென்மேற்கிலிருந்துதான். நேரே வந்து சுவரில் மோதி, போக வழியில்லாமல் மேலே ஏறி, விளிம்பில் நெருக்கியடித்துப் பாயும். அதனால் விளிம்புக்கு வெளியே பறந்த சாண்ட்விச் காகிதம் கீழே போகாமல், மேலேறிச் சுற்றி வந்து உங்கள் முகத்திலேயே அறையும். வேறு அவசரத்துக்காக விளிம்பை நோக்கி நிற்க நினைக்கும் ஆண்களும் இந்த விதியை நினைவில் கொள்க. ஜூன் மாதமானாலும் பைக்குள் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் கம்பளிக் குல்லாவும் இருக்கட்டும். விளிம்பில் கடையோ குழாய்த் தண்ணீரோ கிடையாது. ஒன்றரை லிட்டர் தண்ணீரும் ஃபிளாஸ்கில் டீயும் சுமந்துதான் ஆக வேண்டும்.

தண்ணீர் இல்லை என்று சொன்னது முழு உண்மையில்லை. பாறைத் தளத்தில் வட்டமாகக் குழி வெட்டி, அதற்கு வாய்க்கால் கீறி, பக்கத்தில் எண்ணும் செதுக்கிய சின்னச் சின்னத் தொட்டிகளைப் பார்க்கலாம். முன்னொரு காலத்தில் வேட்டைக்காகப் பேணிய க்ரௌஸ் என்ற காட்டுப் பறவைகள் குடிக்க, காவலாட்கள் வெட்டியவை. கூட வரும் சிறுவர்களிடம் அடுத்த எண்ணைத் தேடச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குப் ‘பசிக்குது’ என்ற பேச்சே எழாது. யாருக்காக இத்தனை பாடுபட்டு வெட்டினார்களோ அந்தப் பறவையோ, ஹெதர் புதரிலிருந்து படபடவென்று கிளம்பி, ‘கோ பேக், கோ பேக், கோ பேக்’ என்று கத்திக்கொண்டு தாழப் பறந்து போகும். மிகையில்லை, அதன் குரலே அப்படித்தான். கறுப்புக்கொடி ஒன்றுதான் பாக்கி.

விளிம்பில் நடப்பவருக்கும் ஏறுபவருக்கும் இடையே உள்ள உறவு, மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரர் உறவுதான். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் பிரிக்கிறீர்கள். காலுக்குப் பக்கத்தில் பாறை ஓரத்தை ஒரு கை பற்றும். கோலமாவில் முக்கி எடுத்தது போல வெள்ளையான கை. அது மக்னீசியம் கார்பனேட் தூள். இடுப்புச் சுருக்குப்பையில் வைத்திருப்பார்கள். அடுத்து இன்னொரு கை, ஒரு ஹெல்மெட், கடைசியில் மூச்சிரைக்கும் ஒரு முகம். ‘குட் மார்னிங்’ என்று அந்த முகம் மிக நிதானமாகச் சொல்லும். நீங்களும் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட வேண்டியதுதான். கை கொடுத்துத் தூக்கிவிடப் போகாதீர்கள். கடைசி அடியில் யாராவது இழுத்துவிட்டால், அவர் கணக்கில் அந்த ஏற்றமே செல்லாது.

வந்தவர் பின்வாங்கி, பெரிய கல் ஒன்றில் பட்டையைச் சுற்றித் தன்னைக் கட்டிக்கொண்டு உட்காருவார், கீழே இருக்கும் கூட்டாளியை ஏற்ற. அவர் கட்டிய கயிறு நடைபாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் போகும். அதைத் தாண்டுங்கள், மிதிக்காதீர்கள்: பூட்ஸில் ஒட்டியிருக்கும் க்ரிட் மணல் கயிற்றின் நூலுக்குள் புகுந்தால் உள்ளிருந்தே அறுக்கத் தொடங்கும். எட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். பாறையேறிகள் இல்லாத இடமாகப் பார்த்து, குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பாருங்கள். நின்றபடி எட்டிப் பார்க்கும்போது காலால் தள்ளிவிடும் கூழாங்கல், 20 மீட்டர் கீழே போய்ச் சேரும்போது கூழாங்கல்லாக இருக்காது. கல் தவறி விழுந்தே விட்டால் வெட்கப்படாமல் ‘பிலோ!’, அதாவது ‘கீழே!’ என்று கத்த வேண்டும்.

கத்தல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மேலே வந்தவர் ‘சேஃப்!’ என்பார்: கட்டிக்கொண்டாயிற்று, கயிற்றை விடலாம் என்று பொருள். கீழே இருப்பவருக்குக் காற்றில் அது கேட்காது. பக்கத்து வழியில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். ‘நம்மாள்தான்’ என்று நினைத்துக் கயிற்றைக் கழற்றினால் ஆபத்து. அதனால் விவரமானவர்கள் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ‘டேவ்!’ என்று கூப்பிட்டால் நாலு திசையிலிருந்தும் ‘என்ன?’ என்று பதில் வரும்.

ஸ்டானிஜில் துளையிட்டு ஆணி அடிக்கும் வழக்கம் இல்லை. ஏறுபவரே விரிசலில் உலோகக் கட்டைகளையும், விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரியும் ‘கேம்’ என்ற பல் வைத்த கருவிகளையும் செருகிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருபவர் அவற்றைப் பிடுங்கி எடுத்து வர வேண்டும். பயத்தில் இருப்பவர் கேமை முழுதாகச் சுருக்கி விரிசலின் ஆழத்துக்குள் திணித்துவிடுவார். பற்கள் விரிய இடமிருக்காது, விசை இழுக்க மிச்சமிருக்காது. பாறைக்கு நடுவே ஒருவர் அரைமணி நேரமாகத் தொங்கிக்கொண்டு கம்பியால் எதையோ நெம்பியபடி நண்பரின் குலம் கோத்திரம் விசாரித்தால், விவகாரம் இதுதான். 1949இல் ஜோ பிரவுன் என்ற மான்செஸ்டர் இளைஞர் ‘ரைட் அன்கான்கரபிள்’ வழியை முதலில் ஏறியபோது இந்தக் கருவிகள் பிறக்கவே இல்லை. அவர் ஏறப் பழகியது அம்மா கழித்துப் போட்ட துணிக்கொடிக் கயிற்றில்.

திரும்பி வரும் வழியில் சுவருக்குக் கீழே கவனித்தால், வட்டமாகச் செதுக்கிய திரிகைக் கற்கள் புல்லுக்குள் அப்படியே கிடக்கும். கூலி கொடுத்துச் செதுக்கியபின் வாங்க ஆளில்லாமல் விட்டுப் போனவை. வெள்ளை மாவு மோகம் வந்த காலத்தில், மாவைக் கறுக்கவைக்கும் இந்தக் கல் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. விலை போகாத சரக்கு கடைசியில் தேசியப் பூங்காவின் சின்னமாகிவிட்டது.

ராபின் ஹூட் குகை என்ற இடத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே, பால்கனி வைத்தது போலக் காற்று குடைந்த அறைகள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடமில்லை என்று நினைத்து இறங்குவீர்கள். உங்களுக்கு முன்பே அப்படி நினைத்த பதினைந்து பேர் அங்கே இருப்பார்கள். வேறு இடத்தில் பொட்டலத்தைப் பிரித்தால் செம்மறி ஆடு வரும். விரட்டினால் இரண்டடி தள்ளி நிற்கும், அவ்வளவுதான். நாயைக் கூட்டி வந்திருந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இங்குள்ள திறந்தவெளிகளில் அது சட்டம், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. பாறையடியில் பையை வைத்துவிட்டு ஏறியவர்களின் சாண்ட்விச்சுகளும் அந்தச் சட்டத்தால் பிழைக்கின்றன.

தெற்குக் கோடியில் 457 மீட்டர் உயரத்தில் நிற்கும் நில அளவைத் தூணைத் தாண்டியதும் பாதை சரிந்து சாலைக்கு வரும். அங்கிருந்து ஹாதர்சேஜ் நான்கு கிலோமீட்டருக்குக் குறையாது, முழங்கால் பேசத் தொடங்கும் இறக்கம். கிளம்பும்போதே திரும்பும் ரயில் நேரத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால், கண் முன்னால் ஒன்று போய்விட்டு அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்க நேரலாம்.

நிலையத்தில் உங்களோடு காத்திருப்பவர்கள் பாதிப் பேர் முதுகில் மெத்தை சுமந்திருப்பார்கள். கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏறி விழும் போல்டரிங் கூட்டம். விழுவதற்கான மெத்தையைத் தாங்களே கொண்டுவருபவர்கள். காலையில் அதைச் சுமந்து விளிம்போரம் நடந்தபோது காற்று அவர்களைப் பாய்மரக் கப்பலாக்கிப் பக்கவாட்டில் இழுத்திருக்கும். இப்போது ரயில் கதவு திறக்கிறது. முதல் மெத்தை உள்ளே போகிறது, இரண்டாவது போகிறது, மூன்றாவது கதவில் மாட்டிக்கொள்கிறது. ‘கொஞ்சம் நெருக்கம்தான்’ என்கிறார் உள்ளே கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும் ஒருவர். அவர் இங்கிலாந்துக்காரர்.