மாசி இரவில் ஒரு பச்சை விருந்தாளி

நேற்று அமாவாசை. நிலவில்லாத இரவுகளில்தான் விளக்கைத் தேடி அந்துப்பூச்சிகள் அதிகம் வரும். கானாடுகாத்தான் வீட்டுக் கொல்லையில் ஐயாவின் பழைய வேட்டியைக் கொடியில் விரித்து, முன்னால் விளக்கைத் தொங்கவிட்டேன். பின்பனிக் காலத்தில் வரத்து குறைவு. ஒன்பது மணி வரை சின்னஞ்சிறு பழுப்புப் பூச்சிகள்தான்.

பத்தரைக்கு வந்து அமர்ந்தது அரளிப் பருந்து அந்து என்ற அந்துப்பூச்சி. பாசிப்பச்சை இறக்கையில் வெண்மையும் இளஞ்சிவப்பும் பளிங்கு வரிகளாக ஓடுகின்றன. ஆத்தங்குடித் தரை ஓட்டுக் கல்லில்கூட அப்படியொரு பச்சையை நான் பார்த்ததில்லை! நச்சுப் பால் வடியும் அரளி இலையும் நந்தியாவட்டை இலையும்தான் இதன் புழுவுக்குச் சோறு.

நந்தியாவட்டையில் ஒரு கிளை மொட்டையாகிவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்று ஆச்சி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தின்றுவிட்டுப் போகட்டும், இலை மறுபடி துளிர்க்கும்" என்றார்.

பார்த்த அந்துப்பூச்சிகளை நான் குறித்துவைக்கும் நோட்டில் இது 11-ஆவது வகை.