மீன் சாப்பிடலையே என்று பதறாதீர்கள்

தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் தொட்டி மீன், குளத்து மீன் எல்லாம் தீனியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி அடியில் போய் நின்றுவிடும். உடனே நோய் என்று மருந்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் நோயெல்லாம் இல்லை. மீனின் உடம்புச் சூடு என்பது அது நீந்தும் தண்ணீரின் சூடுதான், அது 10 டிகிரி இறங்கினால் செரிமான என்சைம்களின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும், குடலின் அசைவும் கூடவே மந்தமாகும். 25 டிகிரியில் ஒரு நாளைக்குள் வெளியேறிவிடும் தீனி 10 டிகிரியில் நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அப்புறம் எப்படிப் பசிக்கும்?

"குளிரில் தீனி போட்டால் வயிற்றில் அழுகிவிடும்" என்று அடிக்கடி சொல்வார்கள். கெண்டைக்கும் தங்கமீனுக்கும் இரைப்பையே கிடையாது! தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்து நேராகக் குடலுக்கு அனுப்பிவிடும், அமிலத்தில் ஊறும் கட்டமே இல்லை. குளிரில் தீனியைக் குறைக்க என் பார்வையில் பெரிய காரணம் மீனுக்கு வெளியே இருக்கிறது: மீன் கழிவிலும் அழுகும் தீனியிலும் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாக்களும் அதே குளிரில் மந்தமாகிவிடும், தின்னாமல் மிஞ்சிய தீனி தண்ணீரைத்தான் கெடுக்கும்.

மாதக்கணக்கில் பட்டினி என்றால் குடலும் சும்மா இருக்காது. உள்சுவரின் மடிப்புகள் சுருங்கிப்போகும், ஏனென்றால் அந்தத் திசுவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது செலவு பிடித்த வேலை, வரும்படி இல்லாத காலத்தில் யார் அதைச் செய்வார்கள்? குளிர் விலகி மறுபடி தின்னத் தொடங்கும்போது மடிப்புகள் திரும்ப வளரும். அதனால் நாலு நாள் வெயில் அடித்ததும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதே என்று அள்ளிக் கொட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

எல்லா மீனும் இப்படியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பர்பட் என்று ஒரு வடதுருவப் பக்கத்து நன்னீர் மீன், பனிக்கட்டிக்கு அடியில் முட்டையே இடும், குளிர்காலத்தில்தான் அது சுறுசுறுப்பு. ட்ரவுட்டும் குளிர்ந்த நீரில் நன்றாகத் தின்னும், 20 டிகிரியைத் தாண்டினால்தான் தீனி குறையும்.

சரி, சூடு ஏறினால் எல்லாம் நல்லதா? என்சைமுக்கு நல்லது, மூச்சுக்கு இல்லை. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5தான். வயிறார (கெண்டைக்குக் குடலார!) தின்ற மீனுக்கோ அடுத்த பல மணி நேரம் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜன் வேண்டும். பாசியும் செடியும் நிறைந்த குளத்தில் இராத்திரி முழுக்க அவையும் மூச்சு விடுவதால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும், அந்த நேரத்தில் போய்த் தீனி போடாதீர்கள். வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் போகட்டும்.