606 அடி முகப்பு, ஒழுகிய கூரை: வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் போன கதை

வட இங்கிலாந்தின் ராதர்ஹாம் ரயில் நிலையத்திலிருந்து வென்ட்வொர்த் கிராமத்துக்கு ஐந்தாறு மைல்தான். ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு என்று தெரியும். வரவேண்டிய அந்த ஒன்றும் வரவில்லை. வேறு வழியில்லாமல் டாக்ஸி. ஓட்டுநர் மீட்டரைத் தொடவே இல்லை. முப்பது பவுண்டு, "ஞாயிறு ரேட்" என்றார். லண்டனிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டே அதைவிடக் குறைவு! வயிற்றெரிச்சலோடு ஏறினேன்.

வளைவு திரும்பி வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் என்ற அந்தப் பழைய பிரபு மாளிகை கண்ணில் பட்டதும் டாக்ஸிக்காரரை மன்னித்துவிட்டேன், பாதியாவது. கிழக்கு முகப்பு மட்டும் 606 அடி. பக்கிங்ஹாம் அரண்மனை முகப்பு இதற்குள் அடங்கிவிடும். போனில் ஒரே படத்தில் பிடிக்கலாம் என்று புல்வெளியில் பின்னால் போனேன், போனேன், கடைசியில் விட்டுவிட்டேன். உள்ளே 300 அறைகளுக்கு மேல். அந்தக் காலத்தில் விருந்தாளிகளுக்கு வண்ணக் காகிதத் துண்டுகள் கொடுப்பார்களாம். சாப்பிடப் போகும்போது வழியெல்லாம் போட்டுக்கொண்டே போனால்தான் இரவில் தன் படுக்கையறையைக் கண்டுபிடிக்க முடியும் என்று கதை.

18ஆம் நூற்றாண்டில் ராக்கிங்ஹாம் பிரபு கட்டியது. அவர் மகன் இரண்டு முறை பிரிட்டன் பிரதமர். பிறகு ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்துக்குப் போனது. நிலத்தடி முழுக்க நிலக்கரி, பணத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த நிலக்கரியே பிறகு வினையானது. 1946இல், போருக்குப் பிந்தைய எரிபொருள் தட்டுப்பாட்டில், எரிபொருள் அமைச்சர் ஷின்வெல் தோட்டத்தைத் திறந்தவெளிச் சுரங்கமாக்க உத்தரவிட்டார். மரங்கள் போயின, தோண்டிய மண் வீட்டு வாசல்வரை குவிந்தது. யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கமே வேண்டாம் என்று கெஞ்சியும் அவர் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அது பிரபுக் குடும்பத்தின் மேல் பழிவாங்கல்தான்.

அதன்பின் 1970களின் கடைசிவரை இங்கே பெண்களுக்கான உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரி நடந்தது. கலையழகு போச்சு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆள் புழங்கியதால்தான் வீடு தப்பியது. அதே காலத்தில் இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை வரி கட்ட முடியாமல் இடித்துத் தள்ளினார்களே!

2017இல் ஓர் அறக்கட்டளை இதை வாங்கியது. விலை 70 லட்சம் பவுண்டு. அவசரப் பழுதுக்கென்று அரசு ஒதுக்கியது 76 லட்சம். வாங்கிய விலையைவிட ஒழுகலை நிறுத்தும் செலவு அதிகம்! மொத்த வேலைக்குப் பத்துக் கோடியைத் தாண்டும் என்கிறார்கள். என் டாக்ஸிக் கவலை அங்கேயே கொஞ்சம் அடங்கியது.

அவர்கள் முதலில் கை வைத்தது கூரையில். தங்க முலாம், திரைச்சீலை, சரவிளக்கு எல்லாம் அப்புறம். பலகைக்கல் ஒன்று நழுவினால் போதும், ஈயத் தகடு ஓரிடத்தில் வெடித்தால் போதும், தண்ணீர் உத்திரத்தில் இறங்கி, மரம் உளுத்து, கடைசியில் கீழே இருக்கும் சுதை வேலைப்பாடு பெயர்ந்து விழும். வருகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் கோடிகளைக் கொட்ட ஒரு துணிச்சல் வேண்டும். சாமர்த்தியமும் இருக்கிறது: வேலை நடக்கும்போதே சாரத்தில் லிஃப்ட் வைத்து, டிக்கெட் போட்டு ஜனங்களை மேலே கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

மார்பிள் சலூன் என்ற பெரிய கூடத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 60 அடிச் சதுரம், 40 அடி உயரம். கூரையின் கோலம் அப்படியே தரையிலும் விரிகிறது. சுற்றிலும் தூண்கள், அசல் பளிங்கு என்று சத்தியம் செய்வேன். கிடையாது! ஸ்காலியோலா. ஜிப்சம் சாந்தில் பசையும் நிறமும் பிசைந்து, பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் நரம்போட்டம் ஏமாற்றுகிறது. ஈரம் புகுந்தால் இதைத் திரும்பச் செய்யக் கைகள் எத்தனை பேருக்கு இருக்கின்றன? கூரைதான் முதலில் என்பது இங்கே நின்றால் புரியும்.

ஸ்டப்ஸ் வரைந்த விசில்ஜாக்கெட் குதிரை ஓவியம் இந்த வீட்டுச் சொத்து. 1997இல் 1.1 கோடி பவுண்டுக்கு லண்டன் நேஷனல் கேலரிக்குப் போய்விட்டது. இங்கே தொங்குவது நகல். அசலை ஓசியில் பார்த்த நான் காசு கொடுத்து நகலைப் பார்த்தேன்.

சாப்பாடு கிராமத்துப் பப்பில். வாட்டிய மாட்டிறைச்சி, மாவுக் கரைசலைச் சுட்டெடுத்த கைப்பிடியளவு யார்க்‌ஷயர் புட்டிங், குழியில் ததும்பும் கிரேவி. விலை லண்டனைவிட நியாயம், அளவு இரண்டு பேருக்கு. காமீலியா பூச்செடிகளுக்கான பழைய கண்ணாடி வீட்டைச் சீர்செய்து தேநீர்க்கடை ஆக்கியிருக்கிறார்கள். வயிற்றில் இடமில்லாமல் தேநீரோடு நிறுத்திக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை போங்கள். கூரைச் சுற்றுலா நடக்கிறதா என்று முதலில் பார்த்துப் பதிவு செய்யுங்கள். டாக்ஸியில் ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள்.